குழந்தைத் தள்ளுவண்டி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஆறாம் வாரத் தடுப்பூசிக்காகக் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் சிலர், இப்போது குழந்தையைத் தள்ளுவண்டியில் அழைத்து வருகின்றனர். பரிசாக வந்த வண்டியாகவோ, உறவினர் வீட்டுக் குழந்தை பயன்படுத்திய வண்டியாகவோ அது இருக்கும். வரிசையில் காத்திருக்கும்போதே குழந்தை உறங்கிவிடும். "நன்றாக அயர்ந்து தூங்குகிறான்" என்று பாட்டி மனம் நிறைவார். அருகில் வரும் செவிலியரோ வேறொன்றைக் காண்பார். நிமிர்ந்த இருக்கையில் குழந்தையின் உடல் சரிந்து, தலை முன்னால் கவிழ்ந்து, முகவாய் மார்பில் அழுந்தியிருக்கும். உடனே குழந்தையை எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்வார்.

அவர் அவ்வாறு சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் வலிமை கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வரவில்லை. மூச்சுக்குழல் குறுகலானது, மென்மையானது. தலை கவிழ்ந்து முகவாய் மார்பைத் தொட்டால் மூச்சுப்பாதை மடங்கிச் சுருங்கும். பெரியவர்கள் உட்கார்ந்தபடி உறங்கித் தலை சாய்ந்தால் தாமாகவே நிமிர்ந்துகொள்வர். இளங்குழந்தையால் அது இயலாது. அழுது உணர்த்தவும் இயலாமல் போகலாம். ஓசையின்றி நிகழ்வதால்தான் இந்த ஆபத்தை நல்ல உறக்கம் என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர்.

ஆகவே வண்டியின் நிறம், விலை, துணியின் அழகு ஆகியவற்றைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். குழந்தையின் கழுத்தும் முதுகும் இன்று எந்த நிலையில் உள்ளன? இந்த வண்டி எந்த வழியில், எவ்வளவு நேரம் செல்லப் போகிறது?

பெயரில் ஒரு தெளிவு

மூன்று வெவ்வேறு பொருள்கள் பேச்சு வழக்கில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நடைவண்டி என்பது நடை பழகும் குழந்தை தானே நின்று தள்ளிச் செல்லும் மூன்று சக்கர மரவண்டி. வாக்கர் என்பது குழந்தையை நடுவில் உட்கார வைத்து, அது காலால் உந்தி வீடெங்கும் உருண்டு செல்லும் சாதனம். படிக்கட்டில் உருண்டு விழுதல், அடுப்பையும் சுடுநீரையும் எட்டிவிடுதல் போன்ற விபத்துகளால் வாக்கரைக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. இக்கட்டுரை பேசுவது மூன்றாவதைப் பற்றி: பெரியவர் ஒருவர் பின்னின்று தள்ளிச் செல்லும் ஸ்ட்ரோலர் எனப்படும் தள்ளுவண்டி.

வகைகளும் வயதும்

முதல் வகை, தொட்டில் போன்ற சமதளப் படுக்கை உடைய பிராம். பிறந்த நாள் முதல் குழந்தை மல்லாந்து படுத்துச் செல்ல இதுவே மிகப் பொருத்தமானது. ஆயினும் இடத்தை அடைக்கும். குழந்தை புரளவும் கையூன்றி எழவும் தொடங்கியதும் பயன்பாடு முடிந்துவிடும்.

இரண்டாம் வகை, சாய்மானத்தை மாற்றக்கூடிய இருக்கை உடைய வண்டி. இவற்றில் சில முழுவதும் படுக்கையாகத் தாழும். பல பாதி வரை மட்டுமே சாயும். 'பிறந்தது முதல்' என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், கடையிலேயே இருக்கையை முழுவதும் தாழ்த்திப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தலைப்பகுதி கால்பகுதியைவிடத் தெளிவாக உயர்ந்து நின்றால் அது பச்சிளங்குழந்தைக்கு உரியதன்று. ஒரே ஒரு வண்டிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், முழுவதும் தாழும் இவ்வகையே நெடுநாள் உதவும்.

மூன்றாம் வகை, குடை போல மடங்கும் இலகுவான வண்டி. போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மெக்லாரன் என்னும் பிரிட்டானியப் பொறியாளர், 1965ஆம் ஆண்டு அலுமினியக் குழாய்களைக் கொண்டு இதனை வடிவமைத்தார். ஆட்டோவிலும் பேருந்திலும் மடக்கி எடுத்துச் செல்ல இதைவிட எளியது இல்லை. ஆனால் இவ்வகையில் பெரும்பாலானவற்றின் இருக்கை ஊஞ்சல் துணி போலத் தொய்வாக இருக்கும். முதுகுக்கு உறுதியான தாங்கல் இராது. பிறர் உதவியின்றி உட்காரும் குழந்தைக்கே இது பொருந்தும்.

நான்காவதாக, காரில் பொருத்தும் குழந்தை இருக்கையை அப்படியே எடுத்துச் சட்டத்தில் மாட்டித் தள்ளிச் செல்லும் அமைப்பு. கார் ஓடும்போது உயிர்காக்கும் அந்த இருக்கை, கடைவீதியிலும் மருத்துவமனைக் கூடத்திலும் நெடுநேரம் படுப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. பயணம் முடிந்ததும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

வயதுக் கணக்கைச் சுருக்கமாக இவ்வாறு கொள்ளலாம். தலை நிற்கும் வரை, சமதளப் படுக்கை மட்டுமே. தலை நின்று, துணையின்றி உட்காரும் வரை, படுக்கையாகவோ மிகவும் தாழ்ந்த சாய்விலோ செல்லலாம். பெரும்பாலான குழந்தைகள் 6 முதல் 8 மாதத்திற்குள் தாமாக உட்காருகின்றனர். நிமிர்ந்த இருக்கை அதன் பின்னரே. நாட்காட்டியைவிடக் குழந்தையின் கழுத்தையும் முதுகையும் நம்புங்கள்.

வண்டி உறங்குவதற்கான இடமன்று

தள்ளிச் செல்லும்போது குழந்தை உறங்குவது இயல்பு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. கண்ணெதிரே வைத்துக் கவனித்தால் போதும். ஆனால் வீடு வந்த பின்னும் 'எழுப்பினால் அழுவான்' என்று வண்டியிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குச் செல்வது தவறு. தள்ளுவண்டி, கார் இருக்கை, ஊஞ்சல் இருக்கை போன்ற உட்காரும் சாதனங்களை வழக்கமான உறக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. 4 மாதத்திற்குக் குறைந்த குழந்தைகளைப் பற்றிச் சிறப்பாக எச்சரிக்கிறது. அந்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறங்கு சாதனங்களின் விற்பனையையே தடை செய்தது. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் சாய்வும் இளங்குழந்தைக்குப் பெரிது என்பதை இதனால் உணரலாம்.

பால் கக்கும் குழந்தையைச் சாய்வாகவே உறங்க வைத்தால் நல்லது என்று சிலர் எண்ணுகின்றனர். சாய்வு இருக்கை அதற்குத் தீர்வாவதில்லை. பால் குடித்ததும் சற்று நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்து, பின்னர் உறுதியான சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பதே முறை.

விழித்திருக்கும் நேரத்திற்கும் எல்லை உண்டு. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தள்ளுவண்டி முதலியவற்றில் ஒரே தடவையாக 1 மணி நேரத்திற்கு மேல் குழந்தையைக் கட்டி வைக்கலாகாது என்கிறது. நெடுநேரம் ஒரே நிலையில் கிடந்தால் தலையின் பின்புறம் தட்டையாகும்; புரளவும் தவழவும் வேண்டிய பயிற்சியும் குறையும். பாயில் விட்டு விளையாட வைக்கும் நேரத்தை வண்டி விழுங்கிவிடக் கூடாது.

பட்டை, பிரேக், பூட்டு

பாதுகாப்புப் பட்டை ஐந்து முனைகளில் பிணைவதாக இருக்கட்டும்: தோள்களுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்புப் பட்டை மட்டும் உடைய வண்டியில் துறுதுறுப்பான குழந்தை எழுந்து நின்று முன்னால் விழக்கூடும். தோள்பட்டையின் உயரத்தைக் குழந்தை வளர வளர மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். பட்டையைப் பூட்டிய பின் அதற்கும் உடலுக்கும் இடையே உங்கள் இரண்டு விரல்கள் நுழையும் அளவு இடம் போதும்.

உறங்குகிறதே என்று பட்டையைக் கழற்றி விடுவது பெரிய ஆபத்து. பட்டையில்லாத குழந்தை மெல்லச் சறுக்கி, இருக்கைக்கும் முன்கம்பிக்கும் இடையிலுள்ள சந்தில் உடல் இறங்கித் தலை மாட்டிக்கொள்ளக்கூடும். பாதி கழற்றிய பட்டை கழுத்தில் சுற்றிக்கொள்ளவும் கூடும்.

பிரேக்கைக் காலால் ஒரே அழுத்தில் போட முடிய வேண்டும். போட்ட பின் கடையிலேயே வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சிறிதும் உருளக் கூடாது. ஒரு நிமிடம் நின்றாலும் பிரேக் போடும் பழக்கம் வேண்டும். 2009ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், தாயின் கை விலகிய ஓரிரு நொடியில் வண்டி ரயில் நடைமேடையிலிருந்து உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயில் மோதியும் குழந்தை நல்வாய்ப்பாக உயிர் பிழைத்தது. கைப்பிடியில் இணைத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வார் இருந்தால் இத்தகைய விபத்தைத் தவிர்க்கலாம். நம் மருத்துவமனையின் சாய்தளங்களிலும் அது உதவும்.

மடக்கும் மூட்டுகள் விரலுக்குப் பகை. 2009இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் கீல்களில் சிக்கி 12 குழந்தைகளின் விரல் நுனிகள் துண்டிக்கப்பட்டிருந்தன. கீல்களுக்கு மூடி உள்ளதா என்று பாருங்கள். வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை கையெட்டும் தொலைவில் இருக்கக் கூடாது. விரித்ததும் பூட்டு முழுவதும் விழுந்த ஓசையைக் கேட்ட பின்னரே குழந்தையை உட்கார வைக்க வேண்டும்.

கைப்பிடியில் பை மாட்டும் வழக்கத்தை அறவே விடுங்கள். மருத்துவக் கோப்பு, தண்ணீர்ப் பாட்டில், மாற்றுத்துணி அடங்கிய பையின் பாரம் வண்டியைப் பின்னோக்கிக் கவிழ்க்கும். குறிப்பாகக் குழந்தையைத் தூக்கிய கணத்தில் முன்பாரம் குறைந்து வண்டி சாயும். குழந்தை அமர்ந்திருக்கும்போது கவிழ்ந்தால் தலையின் பின்புறம் தரையில் மோதும். பாரம் எதுவாயினும் இருக்கைக்குக் கீழுள்ள கூடையில் வையுங்கள்.

தரச்சான்றையும் கவனிக்கலாம். ஐரோப்பியத் தரம் ஈ.என். 1888 என்றும், அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 என்றும் குறிக்கப்படும். எத்தனை கிலோ எடை வரை தாங்கும் என்பதும் அட்டையில் இருக்கும்.

நம் சாலையும் நம் வெயிலும்

நம் ஊர்களில் நடைபாதை தொடர்ச்சியாக இருப்பதில்லை. உயரமான விளிம்பு, நிறுத்தி வைத்த இருசக்கர வாகனம், பெயர்ந்த கல் என்று வழி அடைபட்டுக்கொண்டே இருக்கும். சிறிய நெகிழிச் சக்கரங்கள் குழியில் சிக்கி வண்டியைத் திடீரென நிறுத்தும். அன்றாடம் தெருவில் செல்வதானால் பெரிய ரப்பர்ச் சக்கரமும் அதிர்வு தாங்கும் சுருள்வில்லும் உடைய வண்டி தேவை. அடுக்குமாடி வளாகத்திற்குள்ளும் வணிக வளாகத்திலும் மட்டும் பயன்படுத்துவதானால் சிறிய சக்கரமே போதும்.

சாலையைக் கடக்கும்போது ஒன்றை மறக்கலாகாது: வண்டி உங்களுக்கு முன்னால் செல்கிறது. நிறுத்தியிருக்கும் இரு வாகனங்களுக்கு நடுவிலிருந்து நீங்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே குழந்தை சாலைக்குள் சென்றிருக்கும். இருபுறமும் தெளிவாகத் தெரியும் இடத்தில் மட்டுமே கடக்க வேண்டும். நகரும் படிக்கட்டில் வண்டியை ஏற்றவே கூடாது, மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள். மாடிப்படியானால் குழந்தையைத் தனியே தூக்கிக்கொண்டு, வண்டியை மடக்கி எடுத்துச் செல்லுங்கள்.

வாகனப் புகையும் குழந்தையின் உயரத்தில்தான் அடர்த்தி. தாழ்வான வண்டியில் செல்லும் குழந்தை, உடன் வரும் பெரியவரைவிட 60 விழுக்காடு வரை கூடுதலான மாசைச் சுவாசிக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எடுத்துரைத்தனர். ஆகவே நெரிசல் இல்லாத உள்தெருவைத் தேர்ந்தெடுங்கள். வாங்கும்போது இரண்டு வண்டிகள் மற்றெல்லாவற்றிலும் ஒத்திருந்தால், இருக்கை உயரமாக உள்ளதை எடுங்கள்.

வெயிலுக்காக வண்டியின் மேல் துப்பட்டாவையோ துண்டையோ போர்த்துவது நம்மிடையே மிகப் பரவலான பழக்கம். அன்பினால் செய்யும் இச்செயல் தீங்காக முடியலாம். மெல்லிய துணியேயானாலும் அது காற்றோட்டத்தை அடைத்துவிடும். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். துணிக்குள் குழந்தையின் முகமும் நம் கண்ணுக்கு மறைந்துவிடும். அகலமான மேற்கூரையும் பக்கங்களில் காற்றுப் புகும் வலையும் உடைய வண்டியே நம் தட்பவெப்பத்திற்கு ஏற்றது. கொசுவுக்காகத் துளைகள் உள்ள கொசுவலையைப் போடலாம். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பதால் அது தேவையும்கூட. கோடையில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை வெளியே செல்வதைத் தவிருங்கள். வெயிலில் நின்ற வண்டியின் கொக்கியையும் கம்பியையும் தொட்டுப் பார்த்த பின்னரே குழந்தையை உட்கார வையுங்கள்.

தள்ளுபவருக்கும் பொருந்த வேண்டும்

குழந்தையைத் தள்ளிச் செல்பவர் பெரும்பாலும் தாயும் பாட்டியும் தாத்தாவுமே. கைப்பிடி, தள்ளுபவரின் இடுப்பளவு உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது. அறுவைப் பிரசவமான தாய், தையல் ஆறும் வரை மடக்கிய வண்டியைத் தூக்கக் கூடாது. குழந்தையின் எடைக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருப்போம். பல வண்டிகள் பச்சிளங்குழந்தையைவிட இரண்டு மூன்று மடங்கு கனமானவை. மூட்டு வலியுள்ள பாட்டியால் அந்த பிரேக்கை அழுத்த முடியுமா, கொக்கியைத் திறக்க முடியுமா என்று அவரையே கடைக்கு அழைத்துச் சென்று செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தையின் முகம் நம்மை நோக்கி இருப்பது முதல் ஆண்டில் நல்லது. மூச்சு, நிறம், தலையின் நிலை எல்லாம் கண்ணெதிரே தெரியும். பேச்சும் பெருகும்: எதிரெதிராக முகம் பார்க்கும் வண்டிகளில் பெற்றோர் குழந்தையோடு பேசுவது ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததென ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வு 2008இல் காட்டியது.

சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மேற்சொன்ன வயதுக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, 6 மாதத்தில் 4 மாதக் குழந்தைக்கு ஒப்பானது. மூச்சுத் தடை ஏற்படும் வாய்ப்பும் இவர்களுக்கு மிகுதி. வீடு திரும்பிய முதல் வாரங்களில் இவர்களுக்கு வேண்டியது வண்டியன்று. தாயின் அல்லது தந்தையின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பே.

இடுப்பு மூட்டு விலகலுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு, தொடைகள் விரிந்து முழங்கால்கள் மடங்கிய நிலை தேவை. குறுகலான இருக்கை தொடைகளை நெருக்கிவிடும். இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு போட்டிருந்தால் பக்கச்சுவர் இல்லாத அகலமான இருக்கையே பொருந்தும். கட்டு போடுவதற்கு முன் புதிய வண்டி வாங்காதீர்கள். கட்டின் அகலத்தை அளந்த பின் வாங்குங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் பெறும் குழந்தையின் உருளையைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் கீழ்க்கூடையில் அசையாதபடி பிணைக்க வேண்டும். குழாய் சக்கரத்தில் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூளை முடக்குவாதம், தசைத் தளர்ச்சி உள்ள குழந்தைக்குச் சாதாரண வண்டியின் தொய்ந்த இருக்கை முதுகை வளைத்துவிடும். தலை, முதுகு, இடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே தாங்கும் சிறப்பு வண்டிகள் உள்ளன. எதை வாங்குவதாயினும் இயன்முறை மருத்துவரைக் கலந்த பின் வாங்குங்கள். உதவி உபகரணங்களுக்கான அரசுத் திட்டங்களைப் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

கடையிலோ, பழைய வண்டியிலோ சரிபார்க்க

• இருக்கை முழுவதும் தாழ்கிறதா?
• ஐந்து முனைப் பட்டை உள்ளதா? கொக்கியைக் குழந்தையால் திறக்க இயலாததாக உள்ளதா?
• பிரேக் போட்டபின் சக்கரம் அசையாமல் நிற்கிறதா?
• கீல்களில் விரல் நுழையும் சந்து உள்ளதா?
• விரித்த பின் பூட்டு உறுதியாக விழுகிறதா?
• மேற்கூரை நிழல் தருகிறதா, காற்று புகுகிறதா?
• துணி உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா?
• மடக்கிய வண்டி உங்கள் மின்தூக்கியிலும் ஆட்டோவிலும் அடங்குமா?

அன்பளிப்பாக வந்த பழைய வண்டியை மறுக்க வேண்டியதில்லை. பட்டை நைந்திருந்தாலோ, பூட்டு தளர்ந்திருந்தாலோ, சட்டம் விரிசல் விட்டிருந்தாலோ மட்டும் அதைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். கயிறு கட்டியும் கம்பி சுற்றியும் சரிசெய்த வண்டி பாதுகாப்பானதன்று. நல்ல நிலையில் உள்ளதென்றால் உறையைத் துவைத்து வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தலாம்.

வண்டி வாங்க இயலவில்லையே என்று எந்தப் பெற்றோரும் வருந்த வேண்டியதில்லை. தோளிலும் இடுப்பிலும் தூக்கி வளர்த்த குழந்தைக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. வைத்திருப்போர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: குழந்தையின் முகவாய்க்கும் மார்புக்கும் நடுவே உங்கள் விரலொன்று நுழையும் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லையெனில், அழுதாலும் பரவாயில்லை, உடனே எடுத்துச் சமதளத்தில் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறலோ, உதடு நீலநிறமாவதோ, எழுப்பியும் விழிக்காத சோர்வோ தென்பட்டால் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். ஐயம் இருப்பின் அடுத்த தடுப்பூசி நாளன்று வண்டியையும் உடன் கொண்டு வாருங்கள். குழந்தையை அதில் படுக்க வைத்து, பட்டையைச் சரிசெய்து காட்டும்படி செவிலியரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.